மூக்கும் சரமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மூக்கு. மூக்கைப் பற்றியும் ஒரு பிரசங்கமா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள். ஆனால் இந்த மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்து, பெண் கேட்கப் போகலாமா, மாடு பிடிக்கலாமா, வைத்தியரிடம் புறப்படலாமா என்று தீர்ப்புச் சொல்லும் ‘சரம்’ பார்க்கும் வழக்கம் இன்னும் முழுதும் ஒழிந்தபாடில்லை. இடது மூக்கில் மூச்சு ஓடினால் சந்திர கலையாம். வலதில் ஓடினால் சூரிய கலையாம். அதற்குச் சில காரியம், இதற்குச் சில காரியமாம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். மூச்சு ஒரு நேரம் ஒரு துவாரத்திலும், இன்னொரு நேரம் மற்றதிலும் அதிகமாக ஓடுவது பெரும்பாலோருக்கு மெய்தான். சந்தேகமுள்ளவர்கள் கைக்கண்ணாடியை மூக்கின்கீழ் பிடித்துப் பாருங்கள். படிகிற இரண்டு ஆவித் திட்டும் அநேகமாய் ஒரே அளவாக இராது. ஆகவே முன்னோர் பார்த்தது பொய்யல்ல. பார்த்ததற்குக் கட்டிய காரணந்தான் புளுகு.

மூக்கினுள் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. முன்பாகம் குருத்தெலும்பு, பின்பாகம் எலும்பு. இருபக்கச் சுவர்களிலிருந்தும் மும்மூன்று சுருள் எலும்புகள் தட்டுகளைப்போல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றைப் போர்த்திய சவ்வு ரத்தக்குழாய்கள் நிறைந்தது. போகிற காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைச் சளியில் ஒட்டவைத்து அனுப்புவது அதன் வேலை. ரத்தம் நிரம்பினால் சவ்வு வீங்கி வழி குறுகும். வடிந்தால் வழி அகலும். நம் இஷ்டத்துக்குக் கட்டுப்படாத நரம்புகளின் ஏவலால் ஒரு பக்கம் வீங்கும்போது மறுபக்கம் வடிந்து, சில மணி நேரத்துக்கொருதரம் மாறிக்கொள்கின்றன. 1895-ம் வருஷத்தில் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் வைத்தியர் இதை எழுதி வைத்தார். சந்திரனுக்கும் சூரியனுக்கும் இதில் என்ன வேலை?

இன்னொரு வேடிக்கை. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் சற்று நேரத்தில் வலது மூக்கு அடைத்து இடது மூக்கு திறந்துகொள்ளும். சரம் பார்ப்பவர்களே சரத்தை மாற்ற இந்த உபாயத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்! தலையணையைப் புரட்டிப் போட்டால் மாறிவிடுகிற சகுனம் என்ன சகுனம் ஐயா?

இது வெறும் வேடிக்கையோடு நின்றால் நாம் வாயைத் திறந்திருக்க மாட்டோம். மூக்கைச் சுற்றி எலும்புக்குள் காற்றறைகள் நான்கு ஜோடி உண்டு: கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே தேன்கூடு போன்ற சிற்றறைகள், வெகு ஆழத்தில் மூளைக்கு அடியில் ஒன்று. எல்லாம் சிறு வாசல்களால் மூக்கினுள் திறக்கின்றன. கன்னத்து அறையின் வாசலோ அடியில் இல்லை, மேலே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாது சளியை மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. ஜலதோஷத்தில் வாசல் வீங்கி மூடினால் உள்ளே சளி தேங்கிச் சிலவேளை சீழாகும். தேன்கூட்டு அறைக்கும் கண்குழிக்கும் இடையிலுள்ள சுவரோ காகிதம்போல் மெல்லியது. குழந்தைகளுக்குச் சீழ் அதைக் கடந்து கண்ணைத் தாக்கிவிடக்கூடும்.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. ஏழு வயதுப் பையன்; நாலு நாள் சளி, பிறகு ஜுரம், சாயங்காலம் வலது கண்ணிமை சிவந்து வீங்கி மூடிக்கொண்டது. தாய் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகத் துடித்தாள். பாட்டனார் தம் மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்து, “சரம் கூடிவரவில்லை, விடியட்டும்” என்றார். விடிந்தும் சரம் கூடிவரவில்லை. மத்தியானம்தான் வண்டி ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் ஊசிமருந்து ஏற்றி, அன்று ராத்திரியே சீழை எடுத்தார்கள். கண்ணிமை வீங்கிச் சிவந்த குழந்தையை ஒரு மணி நேரங்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னாராம்.

உயிர் தப்பியது. வலது கண்ணுக்கு இப்போது வெளிச்சம் மட்டுந்தான் தெரிகிறது. பாட்டனார் மோசக்காரரல்ல, பேரன்மேல் உயிரையே வைத்திருப்பவர். தினம் அவனைக் கைபிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போகிறவர் அவர்தான்.