இண்டிகேட்டர் வேகமாகத் துடித்தால்

ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூருக்குக் காரில் கிளம்புகிறீர்கள். வலப்பக்க இண்டிகேட்டர் போட்டதும் டிக் டிக் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்கிறது. அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கலாம். ஒரு பல்பு அணைந்தால் ஓடும் மின்சாரம் குறையும். அதை உணர்ந்து ஃபிளாஷர் வேகமாக அடிக்கும். உடனே இறங்கிப் பின்னால் பாருங்கள். விளக்கில்லாமல் திரும்பினால், பின்னால் பைக்கில் வருபவருக்கு அது தெரியவே தெரியாது.

மாற்றுவது வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை. சாவியை அணைத்து டிக்கியைத் திறங்கள். பல சிறிய கார்களில் விளக்கின் ஓரத்தில் இரண்டு ஸ்க்ரூ தெரியும். கழற்றிவிட்டு விளக்கை நேராகப் பின்பக்கம் இழுங்கள். நெம்பினால் கிளிப் உடைந்துவிடும். ஹோல்டரை இடப்பக்கம் திருப்பினால் கையோடு வரும். பல்பை உள்ளே அழுத்தி, அதே பக்கம் திருகி எடுங்கள். உள்ளே பச்சை படிந்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பல நேரம் கோளாறே அதுதான்.

கடைக்குப் பழைய பல்பையே கொண்டு போங்கள். 12 வோல்ட், 21 வாட் என்று சொன்னால் மட்டும் போதாது. வெள்ளை பல்பின் இரண்டு குமிழ்களும் நேரெதிராக இருக்கும். மஞ்சள் பல்பில் சற்று விலகியிருக்கும். மாற்றிப் போட முடியாதபடி வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின்படி இண்டிகேட்டர் மஞ்சளாகத்தான் எரிய வேண்டும், நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை. எல்.இ.டி. பல்பு போட்டால் மின்சாரம் குறைவாக ஓடுவதால் மறுபடியும் வேகமாகத் துடிக்கலாம்.

ஸ்க்ரூவை முடுக்குவதற்கு முன் ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள்.