மொத்தம் சரி, கணக்கு தப்பு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன். வீட்டு வேலை, பிள்ளைங்க, மாமியாருக்கு நேரத்துக்கு மாத்திரை, இதுக்கு நடுவுல நம்ம கணக்கை போனில் ஏத்துற வேலையையும் பார்க்கிறேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனா நான் செய்த ஒரு தப்பை நானே சொல்லணும்னு தலைவி அக்காகிட்ட கேட்டு வாங்கித்தான் நிக்கிறேன்.

நம்ம நோட்டு பீரோவுல இருக்கு. அதே கணக்கு கூகுள் ஷீட்டிலும் இருக்கு. அதை க்ளவுட்னு சொல்றாங்க. மேகத்துல ஒண்ணும் இல்லைங்க. கூகுள் கம்பெனியோட கம்ப்யூட்டர்ல இருக்கு, அனுமதி உள்ளவங்க எந்த போனிலும் திறந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஒரே குழுவுல ஒரே பேர்ல ரெண்டு அக்கா இருக்காங்க. பேர் வேண்டாம். அதுல ஒருத்தர் மாசம் 1,100 ரூபாய் தவணை தவறாம கட்டினாங்க. நோட்டுல சரியா இருக்கு, பாஸ்புக்ல சரியா இருக்கு. ஷீட்டில் மட்டும் 4 மாசம் நான் இன்னொரு அக்கா கணக்குல ஏத்தியிருக்கேன். 4,400 ரூபாய். மாசக் கடைசியில மொத்தம் கூட்டிப் பார்த்தோம், பேங்க்ல கட்டின தொகையோட ஒத்துப்போச்சு. யார் கணக்குல போனாலும் மொத்தம் மாறாதே! அதனால யாருக்கும் சந்தேகம் வரலை.

அடுத்த கடனுக்குப் பட்டியல் எடுத்தப்போ ஷீட்டைத்தான் பார்த்தாங்க. அந்த அக்கா 4 மாசம் பாக்கின்னு வந்துச்சு, கடன் இல்லைன்னு சொல்லிட்டாங்க. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் அவங்க அழுதது இன்னும் என் கண்ணுல நிக்குது. நோட்டை எடுத்துப் பார்த்து, தப்பு என்னோடதுன்னு கண்டுபிடிச்சுத் திருத்துறதுக்குள்ள 3 வாரம். அவங்க முன்பணம் பேசி வச்சிருந்த கறவை மாட்டை வேற ஊர்க்காரர் பிடிச்சிட்டுப் போயிட்டாரு.

பொங்கல் லீவுக்கு நாத்தனார் மகள் வந்தா. காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறா. "அத்தை, தப்பு நடக்காம இருக்கவே முடியாது. நடந்த அன்னிக்கே தெரியணும்"னு சொல்லி உட்கார்ந்தா.

முதல்ல, பேரை எடுத்துட்டு உறுப்பினர் எண்ணை வச்சா. பட்டியல்ல இல்லாத எண்ணைப் போட்டா ஷீட் வாங்காது. இதுல ரெண்டு வழி இருக்கு: எச்சரிக்கை மட்டும் காட்டலாம், இல்லைன்னா ஏத்தவே விடாம மறுக்கலாம். எச்சரிக்கைன்னா கட்டத்தோட மூலையில சின்னதா சிவப்பு தெரியும், அவசரத்துல யார் பார்ப்பாங்க? மறுக்கச் சொல்லியே வச்சோம்.

அடுத்தது சிவப்புக் கட்டம். ஒரே எண்ணுக்கு ஒரே மாசத்துல ரெண்டு தவணை ஏறினா சிவப்பு. கூட்டம் முடிஞ்சு 3 நாளாகியும் கடன் வாங்கினவங்க எண்ணுல தவணை ஏறலைன்னா சிவப்பு. பாக்கியைவிட அதிகமா வரவு வந்தா சிவப்பு. முதல் ரெண்டு விதி மட்டும் அன்னிக்கு இருந்திருந்தா என் தப்பு முதல் மாசமே பிடிபட்டிருக்கும்.

கடைசியா ராத்திரி மெயில். ஷீட்டுக்குள்ளேயே சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, தினமும் 8 மணியிலிருந்து 9 மணிக்குள்ள அது தானே ஓடி, சிவப்பு வரிசைகளை எங்க 3 பேருக்கு மெயில் பண்ற மாதிரி வச்சா. இதுக்குத் தனியா காசு இல்லை.

இதுக்கு முன்னாடி நானா ஒண்ணு செஞ்சு பார்த்தேன். ஷீட்டில் என்ன மாற்றம் நடந்தாலும் உடனே மெயில் வரணும்னு வச்சேன். கூட்ட நாள்ல போன் ஓயாம மணி அடிச்சுது, வீட்டுக்காரர் திட்டினார். ரெண்டே வாரத்துல மெயிலைத் திறக்காமலே தள்ளிவிட ஆரம்பிச்சோம். எல்லாத்துக்கும் கத்துற அலர்ட்டும் இல்லாத அலர்ட்டும் ஒண்ணுதான்னு அப்பதான் புரிஞ்சுது.

இதோட முடிஞ்சதுன்னு நினைச்சோம். ஆடி மாசம் 11 நாள் மெயிலே வரலை. தப்பு இல்லை போலன்னு சந்தோஷப்பட்டோம். நடந்தது என்னன்னா, கூட்டமைப்புக் கணக்குல வெளியாள் பேர் எதுக்குன்னு நாத்தனார் மகள் பேரை ஷீட்டிலிருந்து நீக்கியிருக்கோம். அது சரியான காரியம்தான். ஆனா ராத்திரி ஓடுற ஸ்கிரிப்ட் அவ கணக்குல இருந்துதான் ஓடிச்சு. அனுமதி போனதும் நின்னுபோச்சு. நின்னுபோச்சுன்னு கூகுள் அனுப்பின மெயிலும் அவளுக்குத்தான் போயிருக்கு, அவ பரீட்சையில இருந்தா. திறந்து பார்த்தா ரெண்டு வரிசை சிவப்பா காத்துக்கிட்டு இருக்கு.

இப்போ அதைக் கூட்டமைப்பு மெயில் கணக்கிலிருந்தே ஓட வச்சிருக்கோம். தப்பு இல்லாத நாளும் "இன்று தப்பு 0"ன்னு மெயில் வரணும்னு மாத்தினோம். மெயில் வரலைன்னா தப்பு இல்லைன்னு அர்த்தம் இல்லை, ஏதோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். 3 பேரும் வாரம் மாத்தி முறை வச்சிருக்கோம். முறைக்காரர் காலையில வாட்ஸ்அப் குரூப்ல 'பார்த்தாச்சு'ன்னு போடணும்.

எல்லாத்தையும் இது பிடிக்காது. பணம் வாங்கி எங்கேயுமே எழுதலைன்னா, இவங்க தவணை வரலைன்னுதான் சொல்லும். கட்டினாங்களா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு உங்க பாஸ்புக்தான் சாட்சி. பணம் கொடுத்த இடத்துலயே எழுதி வாங்கிட்டு எழுந்திருங்க.

அந்த அக்காவுக்கு அடுத்த மாசம் கடன் கிடைச்சு, வேற மாடு வாங்கிட்டாங்க. பால் கொஞ்சம் குறைவுதான்னு என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரலைங்க.

புதன்கிழமை மதியம் 2 மணிக்கு மேல கூட்டமைப்பு அலுவலகத்துல இருப்பேன். ஷீட்டில் உங்க கணக்கைப் பார்க்கணும்னா பாஸ்புக்கோட வாங்க, பக்கத்துல உட்கார வச்சுக் காட்டறேன்.