மெத்தை நாற்காலிக்கு வீட்டிலேயே உறை தைத்தல்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்



மெத்தை வைத்துத் தைத்த கைநாற்காலி ஒன்று அநேக வீடுகளில் இருக்கிறது. பெரும்பாலும் அது வீட்டுப் பெரியவர் உட்கார்ந்து பழகிய நாற்காலியாயிருக்கும். மரச்சட்டம் இன்னும் இருபது வருஷம் உழைக்கும். மேல்துணி மாத்திரம் தலை சாயுமிடத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறி, கை முனைகளில் நைந்து, பஞ்சு வெளியே தெரிய நிற்கும். புது நாற்காலி வாங்குவதானால் செலவு அதிகம். மெத்தை வேலைக்காரரைக் கொண்டு பழைய துணியைப் பிய்த்துப் புதியது அடிப்பதும் எளிய செலவன்று; அப்படி அடித்த துணியைக் கழற்றித் துவைக்கவும் இயலாது. இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றுண்டு. அதாவது, நாற்காலியின் மேல் மாட்டவும், வேண்டும்போது கழற்றித் துவைக்கவும் தக்கதாக ஓர் உறையை வீட்டிலேயே தைத்துக் கொள்வதாகும்.

இவ்வழக்கம் புதிதன்று. இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் செல்வந்தர் வீடுகளில், விலையுயர்ந்த பட்டு நாற்காலிகளுக்குக் கட்டம் போட்ட லினன் அல்லது பருத்தித் துணியால் உறையிட்டு வைத்து, முக்கியமான விருந்தினர் வரும்போது மட்டும் அதைக் கழற்றுவார்கள். சோழமண்டலக் கரையில் சாயம் எழுதி அனுப்பிய பருத்தித் துணிகள் அந்நாட்டு வீடுகளில் திரையாகவும் விரிப்பாகவும் பரவியதைக் கண்டு, அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர் முறையிட்டனர். அதன்மேல் 1721-இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு, சாயமேற்றிய பருத்தித் துணியை உடைக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் உபயோகிப்பதைத் தடுத்துச் சட்டமியற்றிற்று. அவ்வளவு தூரம் விரும்பப்பட்ட துணியை நெய்த நாட்டில், ஒரு நாற்காலி உறைக்குத் துணி தேடி அலைய வேண்டியதில்லை. ஆயினும் துணி கிடைப்பது ஒன்று. அது நாற்காலியில் பொருந்துவது வேறொன்று.

புதிதாய்த் தைக்கத் தொடங்குபவர் வீட்டில் நடக்கக்கூடியது ஒன்றை உதாரணமாக எடுத்துக் கொள்ளலாம். அங்கத்தினர் ஒருவரின் மனைவி தையல் யந்திரம் மிதிக்கக் கற்றுக்கொண்டு இரண்டு மாதமாகிறது. தலையணை உறைகளும் ஜன்னல் திரைகளும் தைத்துத் தேறிவிட்டார். மாமனாருடைய நாற்காலிக்கு உறை தைப்பதென்று தீர்மானித்து, கைத்தறித் துணி 6 மீட்டர் வாங்கி, நாடாவால் அளந்து, அன்றைக்கே வெட்டித் தைத்து மாட்டிவிட்டார். உறை அழகாகவே இருந்தது. மூன்றாம் நாள் கனத்த உறவினர் ஒருவர் உட்கார்ந்ததும், கையும் இருக்கையும் சேருமிடத்தில் தையல் விட்டது. அதைச் சேர்த்துத் தைத்தார். மாதக் கடைசியில் துவைத்து உலர்த்தி மாட்டப் போனபோது உறை ஏறவேயில்லை. நஷ்டம் 6 மீட்டர் துணியோடு நின்றிருந்தால் பெரிதன்று. "எனக்கு இது வராது" என்று அந்த அம்மாள் தாமே முடிவு கட்டிக்கொண்டு, யந்திரத்தை மூடி வைத்துவிட்டார். துணியை மறுபடி வாங்கலாம். துணிச்சல் கடையில் விற்கும் சரக்கன்று.

அவர் கையில் குற்றமில்லை. தையல் நேராகவே இருந்தது. பிழையெல்லாம் கத்தரிக்கோல் எடுப்பதற்கு முன்னேயே நேர்ந்துவிட்டது. துணியை முன்னதாக நனைத்துச் சுருக்காதது ஒன்று. உட்காரும்போது மெத்தை அமுங்குமே, அதற்கு இடம் விடாதது இரண்டு. தலையணையைப் போல் நாற்காலியையும் நாடாவினால் மட்டும் அளந்துவிடலாமென்று நம்பியது மூன்று. நாற்காலியின் முதுகு வளைந்திருக்கும். கைகள் முன்புறம் அகன்றிருக்கும். பல வருஷம் உட்கார்ந்ததால் ஒரு பக்கம் அமுங்கியும் இருக்கும். ஆகையால் அளவெடுக்க நாடாவைவிட நம்பத்தக்க கருவி ஒரு பழைய வேட்டியே யாகும். அதனால் முதலில் ஒரு மாதிரி உறை செய்து பார்ப்பவர், புதிதாய்க் கற்றவராயினும், நல்ல துணியைப் பாழாக்க மாட்டார். அதைச் செய்யும் விதமாவது:

முதலாவது, நாற்காலியைப் பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். உள்முதுகு, வெளிமுதுகு, இருக்கை, இருக்கையின் முன்பக்கத் தொங்கல், இரண்டு உட்கைகள், இரண்டு வெளிக்கைகள், கைகளின் முன்முகப்பு இரண்டு என்று பத்துத் துண்டுகள் வரும். இருக்கை மெத்தை தனியே கழன்று வருவதானால், அதற்குத் தலையணை உறை போலத் தனி உறை தைப்பது உத்தமம். உறையைத் தரைமட்டும் தொங்கவிட்டுச் சுருக்கம் வைப்பதும், ஓரங்களில் கயிறு வைத்துத் தைப்பதும் முதல் உறைக்கு வேண்டாம்.

இரண்டாவது, பழைய வேட்டியையோ நூல் புடவையையோ இப்பகுதிகளுக்கு ஏற்ப, நாற்புறமும் கொஞ்சம் அதிகமாகவே கிழித்துக் கொள்ள வேண்டும். பாவு நூல் மேலிருந்து கீழாக ஓடும்படி ஒவ்வொரு துண்டையும் நாற்காலியின் மேல் விரித்து, குண்டூசியால் குத்த வேண்டும். உள்முதுகின் நடுவிலும் இருக்கையின் நடுவிலும் சுண்ணக்கட்டியால் ஒரு நேர்க்கோடு போட்டுக்கொண்டு, அந்த நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் தடவி விரித்தால் துணி கோணாது. இழுத்துப் பிடித்துக் குத்தக் கூடாது. இழுத்த துணி பிறகு இழுத்த இடத்திலேயே கிழியும். அடுத்தடுத்த துண்டுகளின் ஓரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஊசி குத்தி, ஊசி போகிற வழியே கோடிட்டு, அக்கோட்டிற்கு வெளியே 1 அங்குலம் தையலுக்கென்று விட்டு மிச்சத்தை வெட்ட வேண்டும்.

மூன்றாவது, செருகு துணி. இருக்கையானது முதுகையும் கைகளையும் தொடும் மூன்று பக்கங்களிலும் ஆழமான இடுக்கு இருக்கிறது. கையை விட்டுப் பார்த்தால் அதன் ஆழம் தெரியும். அங்கே இருக்கைத் துண்டிலும், அதை வந்து சேரும் துண்டுகளிலும் 4 முதல் 6 அங்குலம்வரை அதிகத் துணி விட்டு, அதை இடுக்கிற்குள் செருக வேண்டும். ஆள் உட்காரும்போது மெத்தை அமுங்குகிறது; உறை கீழே இழுபடுகிறது; உள்ளே செருகியிருக்கும் துணி அப்போது மேலே வந்து இடங்கொடுக்கிறது. அது இல்லாவிடில் அத்தனை பாரமும் தையலில் விழும். மேற்சொன்ன அம்மாளின் உறை மூன்றாம் நாள் விட்டது இதனாலேயே.

நான்காவது, துண்டுகளை நீளமான ஓட்டுத் தையலால் கையாலேயே சேர்த்து, மாதிரி உறையை நாற்காலியில் மாட்டி, வீட்டில் கனமானவர் ஒருவரை உட்காரச் சொல்லிப் பார்க்க வேண்டும். எங்கே இறுக்குகிறதோ அங்கே பிரித்து விட்டும், எங்கே தொங்குகிறதோ அங்கே பிடித்தும் கோட்டைத் திருத்த வேண்டும். வெளிமுதுகின் ஒரு பக்கத்து மூலையை மேலிருந்து ஓரடி மட்டும் தைத்து, கீழே திறப்பாக விட வேண்டும். திறப்பில்லாத உறை போட்டாலும் கழற்ற வராது. எல்லாம் சரியானபின் ஒவ்வொரு துண்டிலும் அதன் பெயரையும், இடது வலது என்பதையும், மேல்பக்கம் எது என்பதையும் எழுதிப் பிரித்துவிடலாம். உட்புறம் வெளியே தெரியும்படி பொருத்தியிருந்தால், திருப்பியவுடன் இடது வலதாக மாறிவிடும். இரு பக்கமும் ஒத்த நாற்காலிக்கு இதனால் கெடுதலில்லை. ஒரு பக்கம் அமுங்கிய நாற்காலியானால், திருப்பி ஒருமுறை மாட்டிப் பார்த்தபின்பே பிரிக்க வேண்டும்.

இப்போதுதான் துணி வாங்கும் வேளை வருகிறது. எத்தனை மீட்டர் என்பதையும் மாதிரித் துண்டுகளே சொல்லும். 48 அங்குல அகலத் துணி வாங்க உத்தேசமானால், அகலத்திலும் சுருக்கமுண்டாகையால், தரையில் 45 அங்குல இடைவெளியில் இரண்டு நேர்க்கோடுகள் போட்டு, அவற்றினுள் எல்லாத் துண்டுகளையும் பாவு ஒரே திசையாக இருக்கும்படி அடுக்க வேண்டும். அடுக்கு 5 மீட்டர் நீளம் வந்தால் ஐந்தரை மீட்டர் வாங்கலாம். கட்டமோ கோடோ உள்ள துணியானால், அவற்றை ஒன்றோடொன்று பொருத்த இன்னும் அதிகம் வேண்டும். முதல் உறைக்கு ஒரே நிறத் துணியே நல்லது. சென்னிமலை, கரூர் முதலிய ஊர்களில் வீட்டு உபயோகத்திற்கென்று நெய்யப்படும் கெட்டியான பருத்தித் துணி இதற்கு ஏற்றது. பவானி ஜமக்காளம் உறுதியானதே யாயினும், நான்கு மடிப்புச் சேருமிடத்தில் வீட்டு யந்திரத்தின் ஊசி இறங்காது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைமைச் சங்கமாகச் சென்னை மாகாணத்தில் 1935-இல் ஏற்பட்டு, இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்குவதன் கடைகளில் இவ்விதத் துணிகளைப் பார்க்கலாம். ஒரு சங்கத்தார் நெய்ததை மற்றொரு சங்கத்தார் வாங்குவது இருவருக்கும் நன்மை.

கடையிலிருந்து வந்த துணியை உடனே வெட்டலாகாது. கைத்தறித் துணியில் கஞ்சி இருக்கும். கையில் தடித்துத் தோன்றுவது கஞ்சி போனபின் மெலிந்தும் போகும். ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டபின்பே வெட்ட வேண்டும். 34 அங்குலமுள்ள துண்டு நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம் குறைந்துவிடும். அந்த அங்குலக் கணக்கில்தான் மாதக் கடைசியில் உறை ஏறாமற் போனது. சாயத் துணியை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பதும் அவசியம். சாயம் ஒட்டினால் உட்காருபவர் வேட்டியிலும் ஒட்டும்.

தைக்கும் முறை இது. யந்திரத்தில் 16-ஆம் எண் ஊசி போட்டு, அங்குலத்திற்குச் சுமார் 10 தையல் விழும்படி திருத்திக்கொண்டு, முதலில் வெட்டில் மிஞ்சிய துணியில் தைத்துப் பார்க்க வேண்டும். பிறகு இருக்கையோடு முன்தொங்கலையும், உள்முதுகையும் சேர்ப்பது, உட்கை வெளிக்கைகளை மேல் ஓரத்தில் ஒன்றாக்கி முகப்பைச் சேர்ப்பது, கைகளை இருக்கையோடும் முதுகோடும் இணைப்பது, கடைசியில் வெளிமுதுகு. வளைவுள்ள இடங்களில், தையலைத் தொடாமல், விட்ட துணியில் சிறு வெட்டுகள் கொடுத்தால் உறை சுருங்காமல் படியும். நூல் பிரியாதபடி உள் ஓரங்களைச் சுற்றித் தைக்க வேண்டும். திறப்பிற்கு நான்கு ஜோடி நாடா போதும். பொத்தான் காஜா எடுக்கும் சிரமம் வேண்டாம். கீழ் ஓரத்தை மட்டும், உறையை நாற்காலியில் மாட்டி, ஒருவர் உட்கார்ந்து எழுந்தபின் கோடிட்டு மடிக்க வேண்டும். துவைத்த உறையைச் சிறிது ஈரமிருக்கும்போதே மாட்டினால், நாற்காலியின் வடிவத்திலேயே உலர்ந்து படியும்.

மூடி வைத்த யந்திரத்தின் முன் அந்த அம்மாளை விட்டுவிட்டு இப்பிரசங்கத்தை முடிப்பது நியாயமன்று. ஏறாத உறை அவருடைய அலமாரியில் கிடக்கிறதல்லவா? அது பாழான துணியென்று நினைப்பது தவறு. அது நனைந்து சுருங்கி முடிந்த துணி; இனிச் சுருங்காது. அதைத் தையல் பிரித்து, நாற்காலியின் மேல் துண்டு துண்டாக வைத்துக் குத்தி, எங்கெங்கே எத்தனை அங்குலம் பற்றவில்லை என்று அதன்மேலேயே குறித்தால், அதுவே மாதிரி உறையாகிவிடும். பற்றாத இடங்களில், வெளியே தெரியாத செருகு துணியாகப் பழைய வேட்டித் துண்டை ஒட்டுப் போட்டால், அந்த உறையே நாற்காலிக்கு மீண்டும் ஏறினாலும் ஏறும். ஏறாவிட்டாலும், இரண்டாவது உறைக்கு அதைவிட நல்ல அளவு கிடைக்காது.

சங்கத்திற்கும் இதில் ஒரு வேலையுண்டு. ஒரே தச்சர் செய்த நாற்காலிகள் ஒரு கிராமத்தில் பல இருக்கும். ஒரு வீட்டில் சரிபார்த்த மாதிரித் துண்டுகளைப் பெயரெழுதி மூட்டையாகக் கட்டிச் சங்கக் கட்டிடத்தில் வைத்தால், அடுத்த வீட்டார் இரவல் பெற்று, தங்கள் நாற்காலியில் ஒருமுறை வைத்துத் திருத்திக்கொண்டு வெட்டலாம். வயலைப் பாராமல் சங்கம் பயிர்க்கடன் கொடுப்பதில்லை. நாற்காலியில் மாதிரியை மாட்டிப் பாராமல் புதுத் துணியில் கத்தரிக்கோல் வைக்கலாகாது என்பதும் அதே ஜாக்கிரதைதான். அது ஒருநாள் வேலையை இரண்டுநாள் வேலையாக்கும்; ஆனால் ஒரு வீட்டின் துணியையும், புதிதாய்க் கற்ற ஒருவரின் ஊக்கத்தையும் ஒருங்கே காப்பாற்றும்.