ஒரே தராசில் இரு காலங்கள்



செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில் 2022 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. பதினாறு வயது குகேஷ் அங்கே தம் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக வாகையரானார். உடனே பழைய கேள்வியும் எழுந்தது: ஆனந்த் பெரியவரா, குகேஷ் பெரியவரா? இவ்விருவருக்கும் முன்னே மானுவல் ஆரோன் எம்மாத்திரம்?

ஓடியவரின் ஓட்டம் காற்றோடு போயிற்று. கடிகாரக் கணக்கு மட்டுமே எஞ்சும். சதுரங்கமோ கவிதையைப் போல எழுத்தில் நிற்கிறது. அறுபதாண்டுக்கு முந்திய ஆட்டத்தை இன்றும் பலகையில் பரப்பலாம். கணிப்பொறியைக் கொண்டு காய்க்குக் காய் குற்றம் காணலாம். ஆனால் அந்தத் தராசு இன்றையது. இன்று பள்ளிச் சிறுவன் மனப்பாடமாக ஆடும் தொடக்க நகர்த்தல்கள் பல, அன்று பலகைமுன் அமர்ந்து தாமே கண்டடைய வேண்டியவை.

ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1962இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகத் தகுதிப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது கடைசி இடம். அட்டவணையை மட்டும் படிப்பவர் அத்துடன் நிறுத்திக்கொள்வர். ஆட்டங்களைப் படிப்பவரோ, அதே போட்டியில் அவர் போர்ட்டிஷையும் ஊல்மானையும் வீழ்த்தியதைக் காண்பர். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள்; இந்தியாவிலோ அப்பட்டம் பெற்றவர் அன்று ஒருவருமில்லை.

1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் ஆரோன் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் அங்கே ஆடிப் பழகினார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னாளில் ஆனந்தின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்களுள் ஒருவர் குகேஷ். ஆகவே இம்மூவரும் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்பவர்கள் அல்லர், ஒரே கொடிவழியினர்.

மாமல்லபுரத்துக் கற்களும் இதைத்தான் சொல்கின்றன. ஐந்து ரதங்களும் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்தவை. உளி தவறினால் மாற்றுக் கல் இல்லை. பின்வந்த இராசசிம்மன் காலத்துக் கடற்கரைக் கோயில் கற்களை அடுக்கிக் கட்டியது. ரதங்களில் கைபழகிய மரபுதான் பின்னர்க் கோயிலை எழுப்பியது. எந்தச் சிற்பி பெரியவன் என்று அங்கே எவரும் வழக்காடுவதில்லை.

‘யார் வெல்வார்’ என்ற கேள்விக்கு விடை எளிது: பின்வந்தவரே வெல்வார். அவர் கையில் முன்னோர் தேடிய முதலும் இருக்கிறதே! ஒருவர் தமக்குக் கிடைத்ததன்மேல் எவ்வளவு கூட்டிவைத்தார் என்பதே கேட்கத்தக்கது. அந்தக் கணக்கில் ஸ்டாக்ஹோமின் கடைசி இடத்துக்கும் சிங்கப்பூரின் மகுடத்துக்கும் ஒரே அவையில் இருக்கை உண்டு. முந்தைய தலைமுறைக் கவிதையை எடைபோடும் கவிஞர்களும் இந்த அளவுகோலையே கைக்கொள்வார்களாக.