அரச ரத்தத்தில் ஆப்பிரிக்கத் துளி



பினாங்கின் ஜார்ஜ் டவுன் நம் அனைவருக்கும் தெரிந்த ஊர். 1786-இல் அந்தத் தீவில் வந்திறங்கிய பிரான்சிஸ் லைட், பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்த மன்னரின் மனைவி ஷார்லட். ஜெர்மனியில் ஒரு சிற்றரசில் 1744-இல் பிறந்து, 17 வயதில் இங்கிலாந்தின் அரசியானவர். 15 பிள்ளைகளைப் பெற்றவர். விக்டோரியா மகாராணி இவருடைய பேத்தி.

இந்த அரசியின் உடலில் ஆப்பிரிக்க ரத்தம் ஓடியதா? இதுதான் என் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி.

ஓடியது என்போர் இரண்டு சான்றுகளைக் காட்டுகின்றனர். ஒன்று, ஓவியர் ஆலன் ராம்சே தீட்டிய படங்களில் தெரியும் முகச்சாயல். மற்றொன்று வம்சாவளி. 13-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் அஃபோன்சோவின் ஆசைநாயகியாக இருந்த மாத்ரகானா என்பவரின் வழியில் வந்தவர் ஷார்லட். மாத்ரகானா ஒரு மூர் இனப் பெண் என்று பிற்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்தார்.

ஆனால், மூர் என்றாலே கறுப்பர் என்று பொருளாகிவிடாது. வட ஆப்பிரிக்காவிலும் ஸ்பெயினிலும் வாழ்ந்த முஸ்லிம்களை, நிறம் பாராமல், ஐரோப்பியர் அப்படித்தான் அழைத்தனர். மேலும், இருவருக்கும் இடையே சுமார் 500 ஆண்டுகள். 15 தலைமுறை மேலே போனால், கணக்குப்படி ஒருவருக்கு 32,768 மூதாதையர். அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் மாத்ரகானா. ஆகவே, 2023-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் காட்டியதுபோல் ஷார்லட்டைக் கறுப்பின அரசி என்று நான் சொல்லமாட்டேன்.

அப்படியானால் இந்தக் கேள்வியே வீணா? இல்லை, நேயர்களே. ஷார்லட் அரண்மனையில் வீற்றிருந்த அதே காலத்தில்தான் பிரிட்டிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு அடிமைகளாக ஏற்றிச் சென்றன. அந்த வாணிபத்துக்குத் தடைச் சட்டம் வந்தது 1807-இல்தான். பிறப்பால் உயர்ந்த ரத்தம், தாழ்ந்த ரத்தம் என்ற பேச்சு அந்தக் கொடுமைக்குத் துணை நின்றது. 32,768 பேரில் யார் எங்கிருந்து வந்தார் என்று எந்த அரச குடும்பத்தால் சொல்ல முடியும்? தூய ரத்தம் என்பது அங்கேயே பொய்யாகிவிடுகிறது.

அரண்மனையில் ஒரு துளி ரத்தம் கிடைத்தால்தான் ஆப்பிரிக்கருக்குப் பெருமையா? விலங்கிடப்பட்ட அந்தத் தாய்மாரும் அரசிக்கு நிகரான மனிதர்களே. அதை நிரூபிக்க வம்சாவளி தேவையில்லை.