டாக்டர் லாசரும் ஜனங்களின் ஸ்நான சாலையும்

சரும வியாதிக்குக் களிம்பு கொடுப்பது வைத்தியருடைய கடமை. அந்த வியாதி ஏழை ஜனங்களிடத்தில் திரும்பத் திரும்பக் காண்பதேன் என்று விசாரிப்பது அதனினும் பெரிய கடமை. இவ்விரண்டையும் ஒருங்கே செய்தவர் ஜெர்மனி தேசத்து டாக்டர் ஆஸ்கார் லாசர் என்பவர்.

இவர் 1849ஆம் வருஷம் ஹாம்பர்க் நகரத்தில் பிறந்தார். வைத்தியப் பட்டம் பெற்றபின் பெர்லின் நகரத்தில் சரும நோய்களுக்கென்றே ஒரு வைத்தியசாலை ஏற்படுத்தினார். துத்தநாக பஸ்மம், மாவு, வாஸலின், சிறிது ஸாலிஸிலிக் அமிலம் ஆகியவற்றைச் சேர்த்து இவர் அமைத்த கெட்டியான களிம்பு இவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அது பூசிய இடத்தில் நின்று, கசியும் நீரை உறிஞ்சி, தோலைக் காக்கும். கரப்பான் முதலிய நோய்களுக்கு அது மிகவும் உதவிற்று.

ஆயினும், களிம்பு மட்டும் போதுமா? அக்காலத்துப் பெர்லினில் தொழிற்சாலைகள் பெருகின. 1880ஆம் வருஷத்தில் அந்நகரின் ஜனத்தொகை 11 லட்சத்துக்கு மேற்பட்டது. தொழிலாளர் குடும்பங்கள் ஒரே கட்டடத்தில் நெருக்கமாக வசித்தன. ஒருவர் எழுந்து வேலைக்குச் சென்றதும் அதே படுக்கையில் வேறொருவர் வாடகை கொடுத்துப் படுப்பதும் உண்டு. குளிர்மிகுந்த அத்தேசத்தில் வெந்நீரின்றிக் குளிக்க இயலாது. வெந்நீருக்கோ விறகும் கரியும் இடமும் வேண்டும். தேசத்தில் வெந்நீர் ஸ்நான சாலை ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒன்றுதான் இருந்ததென்று லாசர் கணக்கெடுத்துக் காட்டினார்.

குறையை எடுத்துரைத்ததோடு அவர் நிற்கவில்லை. 1883ஆம் வருஷம் பெர்லினில் நடந்த சுகாதாரப் பொருட்காட்சியில் நெளிவுத் தகரத்தாலான ஒரு சிறு கொட்டகையை அமைத்துக் காட்டினார். அதில் 10 தடுப்பறைகள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே இடம். மேலிருந்து வெந்நீர் தாரையாக விழும். சோப்பும் துவாலையும் உட்படக் கட்டணம் 10 பென்னிக், அதாவது ஒரு மார்க் நாணயத்தில் பத்திலொரு பங்கு.

தொட்டி ஸ்நானத்தை விட்டுத் தாரை ஸ்நானத்தை அவர் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. தொட்டியை நிரப்ப ஜலமும் கரியும் அதிகம் செலவாகும். ஒவ்வொருவருக்கும் பிறகு அதைக் கழுவவும் வேண்டும். தாரையிலோ ஜலம் குறைவு. அழுக்கு உடனே ஓடிவிடும். சிறிது நேரத்தில் அடுத்தவர் குளிக்கலாம். ஆகவேதான் கட்டணத்தைக் குறைக்க முடிந்தது.

"ஒவ்வொரு ஜெர்மானியருக்கும் வாரம் ஒரு ஸ்நானம்" என்பது அவருடைய கொள்கை. நித்திய ஸ்நானம் பழகினவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். அந்நகரத்து ஏழைத் தொழிலாளிக்கு அதுவே எட்டாத பொருளாயிருந்தது. ஒருவர் குரல் போதாதென்று கண்டு, 1899ஆம் வருஷம் ஜனங்களின் ஸ்நான சாலைகளுக்காக ஒரு சங்கத்தை ஸ்தாபித்தார். பல நகரங்களில் இத்தகைய சாலைகள் எழுந்தன. 1907ஆம் வருஷம் அவர் காலமானார். பிற்காலத்தில் வீடுதோறும் குளிக்கும் அறை வந்தபின் அச்சாலைகளில் பல மூடப்பட்டன. அவற்றின் வேலை முடிந்ததென்பதே அதற்குப் பொருள்.

ஒன்றை மறக்கலாகாது. குளிப்பதனால் மட்டும் எல்லாச் சரும நோயும் தீராது. உதாரணமாக, சொறி சிரங்கு கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிறு பூச்சியால் உண்டாவது. அதற்கு மருந்து வேண்டும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை பெறவும் வேண்டும். லாசரும் களிம்பைக் கைவிட்டவரல்லர். களிம்போடு ஜலத்தையும் சேர்த்தவர்.

அந்தத் தகரக் கொட்டகையில் ஏழைத் தொழிலாளி தானமாக எதையும் பெறவில்லை. தன் 10 பென்னிக்கைக் கொடுத்து, மானத்தோடு குளித்து வெளிவந்தான். தனித்தனியே ஒருவராலும் அமைக்க முடியாததைப் பலருடைய சிறு காசு நடத்தி வைத்தது. கூட்டுறவை அறிந்த அங்கத்தினர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.