வாசலோரத்து ஒற்றன்



இந்தக் கருத்தரங்கின் தலைமை நாற்காலியில் முன்பு அமர்ந்தவர்களிடம் பாடம் கேட்டவன் நான். அவர்களில் இருவர் இப்போது முன்வரிசையில் இருக்கிறார்கள். பரீட்சைக்கு வந்த மாணவனின் படபடப்போடுதான் பேசத் தொடங்குகிறேன். இந்தப் பெருமையைத் தந்த கருத்தரங்கக் குழுவுக்கு என் நன்றி.

‘எதிர்ப்பின் திரைமொழி’ என்பது நாம் எடுத்துக்கொண்ட பொருள். இயக்குநர்கள் உஸ்மான் செம்பேனைப் பற்றியும் சாரா மால்டரோரைப் பற்றியும் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் வந்திருக்கிறார்கள். ஆகவே பொது அறிமுகத்தை அவர்களிடம் விட்டுவிட்டு ஒரே ஒரு படத்துக்கு வருகிறேன். ஐவன் டிக்சன் இயக்கி 1973இல் வெளிவந்த ‘தி ஸ்பூக் ஹூ சாட் பை தி டோர்’. எனக்கு அனுப்பப்பட்ட கட்டுரைச் சுருக்கங்களில் நான்கு இந்தப் படத்தைக் குறிப்பிடுகின்றன. நான்கிலும் ஒரே வாக்கியம்: எஃப்.பி.ஐ. தடுத்து நிறுத்திய படம். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. பல ஆண்டுகளாக என் மனத்தை உறுத்தும் குறை இது.

கதை உங்களுக்குத் தெரியும். கறுப்பர் வாக்குகளைக் குறிவைக்கும் செனட்டர் ஒருவர், சி.ஐ.ஏ.வில் கறுப்பு அதிகாரிகள் இல்லை என்று குரல் எழுப்புகிறார். கண்துடைப்புக்கு ஆள் எடுக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாரும் கழிக்கப்பட, டான் ஃப்ரீமன் மட்டும் தேறிவிடுகிறான். அவனுக்குக் கிடைப்பது நகலெடுக்கும் பிரிவு. வருகிற பெரிய மனிதர்கள் பார்ப்பதற்காக வைக்கப்பட்ட ஆள் அவன். ஐந்து ஆண்டுகள் தலைகுனிந்து வேலை பார்த்துவிட்டுச் சிகாகோ திரும்புகிறான். அங்கே கோப்ராஸ் என்ற தெருக்கும்பலின் இளைஞர்களுக்குத் தான் கற்ற கெரில்லாப் போர்முறையைச் சொல்லித் தருகிறான்.

எஃப்.பி.ஐ. தடுத்து நிறுத்தியது என்ற கதையை மறுக்க நான் வரவில்லை. படம் சில வாரங்களிலேயே திரையரங்குகளிலிருந்து காணாமற்போனது. எஃப்.பி.ஐ.யின் நெருக்குதலே காரணம் என்று டிக்சனும், மூல நாவலாசிரியர் சாம் கிரீன்லீயும் கடைசிவரை சொன்னார்கள். நெகட்டிவை வேறொரு பெயரில் பாதுகாத்து வைக்கவேண்டி வந்தது. அவர்கள் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. 1969 டிசம்பர் 4 அன்று அதே சிகாகோவில், பிளாக் பாந்தர் இயக்கத் தலைவர்களில் ஒருவரான 21 வயது ஃப்ரெட் ஹாம்ப்டன் படுக்கையிலேயே போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்தவர் ஹாம்ப்டனின் பாதுகாப்புப் பொறுப்பிலேயே இருந்த வில்லியம் ஓ’நீல். அவர் உளவாளி என்பது வெளியே தெரிந்தது 1973இல், படம் வந்த அதே ஆண்டில். அரசு கறுப்பர் இயக்கத்துக்குள் ஒற்றனை வைத்த காலத்தில், ஒரு கறுப்பன் அரசுக்குள் ஒற்றனாகப் புகுந்தால் என்ன ஆகும் என்று கேட்ட படம் இது.

ஆனால் ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு முறை சொல்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவேண்டும். ஆய்வுக்கும் அதுதான் முறை. படக்குழுவினரின் சாட்சியங்களை 2011இல் ஓர் ஆவணப்படமாகத் தொகுத்தார்கள் கிறிஸ்டின் ஏக்கமும் கிளிஃபர்ட் வார்டும். அருமையான உழைப்பு. அந்தச் சாட்சியங்களோடு விநியோக நிறுவனத்தின் கணக்கையும் அன்றைய பத்திரிகை விமர்சனங்களையும் வைத்துப் பார்க்கவேண்டாமா? விநியோக நிறுவனமான யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பணம் போட முன்வந்தபோது அவர்களுக்குக் காட்டப்பட்டவை பெரும்பாலும் சண்டைக் காட்சிகள் என்று படக்குழுவினரே பிற்காலத்தில் சொன்னார்கள். முழுப் படத்தைப் பார்த்தபின் விநியோகஸ்தருக்கு வந்திருக்கக்கூடிய அச்சமும் இந்த வரலாற்றில் ஒரு பகுதிதான். தடையை மட்டுமே பேசிப்பேசி, இந்தப் படத்தின் ஒரே பார்வையாளன் எஃப்.பி.ஐ. என்று ஆக்கிவிட்டோம். அந்தச் சில வாரங்களில் டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்களும், 2004இல் டிவிடி வரும்வரை வீடியோ நாடாவில் பிரதியெடுத்துக் கைமாற்றிப் பார்த்தவர்களும் நம் ஆய்வில் எங்கே இருக்கிறார்கள்?

இதே மேடையில் சில ஆண்டுகளுக்கு முன் என் மதிப்பிற்குரிய மூத்த ஆய்வாளர் ஒருவர் இந்தப் படத்தை ‘பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்’ எனப்படும் கறுப்பர் வணிகப்பட வரிசையில் சேர்த்தார். ‘ஷாஃப்ட்’, ‘சூப்பர் ஃப்ளை’ படங்களின் தம்பி என்றார். அன்று பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, இன்று சொல்கிறேன். ‘சூப்பர் ஃப்ளை’யின் நாயகன் கொக்கெய்ன் விற்பவன், கடைசியாக ஒரு பெரிய வியாபாரம் முடித்துவிட்டுத் தப்பிக்க நினைப்பவன். ஃப்ரீமன் தப்பி வந்த இடத்துக்கே திரும்புகிறவன். படத்துக்கு முதலில் பணம் வந்ததும் பெரும்பாலும் கறுப்பின முதலீட்டாளர்களிடமிருந்துதான். சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி படப்பிடிப்புக்கு அனுமதி தரவில்லை. 1968 கலவரத்தில் தீ வைப்பவர்களைச் சுட்டுக்கொல்லச் சொன்ன மேயர் அவர். பெரும்பகுதியை இண்டியானாவின் கேரி நகரில் எடுத்தார்கள். அங்கே மேயர் ரிச்சர்ட் ஹாட்சர், ஒரு கறுப்பர். கேரி நகரம் சிகாகோவாக நடித்தது என்பதே இந்தப் படத்தின் அரசியல். அந்த வரிசையில் இதற்கு இடமில்லை, ஐயா.

தலைப்பு பற்றியும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ‘ஸ்பூக்’ என்றால் பேய், ஒற்றன், கறுப்பரை இழிவுபடுத்தும் வசையும் அதுவே. நான் தலைப்பை ‘வாசலோரத்து ஒற்றன்’ என்று பெயர்த்ததில் வசை போய்விட்டது என்று எழுதினார்கள். உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பேய்’ என்று பெயர்த்தவர்கள் வசையோடு ஒற்றனையும் சேர்த்து இழந்தார்கள். யார் கண்ணிலும் படாமல் நடமாடுவதுதான் இங்கே ஆயுதம். கையில் துடைப்பமும் முகத்தில் சிரிப்பும் இருந்தால் ஒரு கறுப்பன் எந்த அலுவலகத்துக்குள்ளும் போகலாம் என்று ஃப்ரீமன் சொல்லித்தருவதும், தோல் வெளுத்த கறுப்பு இளைஞர்களை அனுப்பி வங்கியைக் கொள்ளையடித்துப் பழியை வெள்ளையர்மேல் விழவைப்பதும் அதனால்தான்.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான செய்தி. கிரீன்லீ சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர் என்று நம் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. தவறு. அவர் இருந்தது அமெரிக்கத் தகவல் சேவையில். அங்கே வெளிநாட்டுப் பணிக்கு எடுக்கப்பட்ட முதல் கறுப்பர்களில் ஒருவர். 1958 ஜூலை 14 புரட்சியில் ஈராக் மன்னர் இரண்டாம் ஃபைசல் கொல்லப்பட்டபோது கிரீன்லீ பாக்தாத்தில் இருந்தார். அந்த நாள்களில் காட்டிய துணிவுக்காக அமெரிக்க அரசின் விருதும் பெற்றார். அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்தது. அவரோ ஓர் ஆட்சி ஒரே காலையில் எப்படிச் சரிகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டார். 1976இல் அதை ‘பாக்தாத் ப்ளூஸ்’ என்ற நாவலாக எழுதினார். ஃப்ரீமனின் சிகாகோவுக்குப் பின்னால் பாக்தாத் இருக்கிறது என்பது என் முடிவு. வெள்ளையர் தூதரகத்தில் வாசலோர நாற்காலியில் இருந்தபடி, தன் நிறத்துக்கு நெருங்கிய மக்கள் தெருவில் எழுவதைப் பார்த்த ஒருவரின் கதை இது. இரண்டு நாவல்களையும் சேர்த்துப் படித்த ஒரு கட்டுரைகூடத் தமிழில் என் கண்ணில் படவில்லை. படத்துக்கு மூலமான முதல் நாவலை அமெரிக்கப் பதிப்பகங்கள் மறுத்தபின் 1969இல் லண்டனில் வெளியிட்டவர், கானாவில் பிறந்த இளம் பதிப்பாளர் மார்கரெட் பஸ்பி. கிளைவ் ஆலிசனோடு அவர் தொடங்கிய பதிப்பகத்தின் முதல் நாவல் அது. இந்தப் படத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவர் பெயரிலிருந்து தொடங்கவேண்டும்.

படத்தின் குறையையும் நான் சொல்லாமல் விடக்கூடாது. ஃப்ரீமனின் பழைய காதலி ஜாய் அவனைக் காட்டிக்கொடுக்கிறாள். பாலா கெல்லி நடித்த பெண்ணுக்குச் சொந்தப் பெயர்கூடத் தரப்படவில்லை. டஹோமி குயீன் என்பது ஃப்ரீமன் வைத்த பெயர். சி.ஐ.ஏ. வட்டாரத்தில் காதில் விழுந்ததை வந்து சொல்லி அவனை எச்சரிப்பவள் அவள். வாசலுக்கு உள்ளே இருந்த இன்னோர் ஒற்றன் அவள்தான். படமும் அவளை வாசலோரத்திலேயே உட்காரவைத்துவிட்டது.

இன்று மாலை ஐந்தரை மணிக்கு இதே அரங்கில் படம் திரையிடப்படுகிறது. 102 நிமிடங்கள். தயவுசெய்து யாரும் பாதியில் எழுந்து போகவேண்டாம். டஹோமி குயீன் வரும் காட்சிகளை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை முதல் அமர்வை அந்தக் குறிப்புகளிலிருந்து தொடங்குவோம்.